பிரிக்காமல் பார்த்த நூறாண்டு

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஜார்ஜ் சம்னர் கிராம்ப்டன் என்றொரு கண் மருத்துவர் இருந்தார். வைத்தியம் போக மிச்ச நேரத்தில் கருவி செய்வதில் அவருக்குப் பித்து. அதற்கென்றே சின்னதாக ஒரு பட்டறை வைத்திருந்தார். 1921இல் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் அவரிடம் வந்து நின்றது. நீராவி டர்பைனின் ரோட்டருக்கு உள்ளே வெடிப்பு ஏதும் இருக்கிறதா என்று பார்க்க ஒரு சாதனம் வேண்டும் என்றது. கிராம்ப்டன் ஒரு வாரத்துக்குள் செய்து கொடுத்துவிட்டார். நீளமான குழாய், உள்ளே வரிசையாக லென்சுகள், வெளிச்சத்துக்கு ஒரு குட்டி பல்பு. பழுது பார்ப்பவர்கள் இன்று கைப்பேசியில் செருகிப் பார்க்கும் கேமராவின் வம்சம் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

ரோட்டருக்கு உள்ளே பார்க்க வேண்டிய அவசியம் ஏன் வந்தது என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். பெரிய டர்பைனின் ரோட்டர் பல டன் எடையுள்ள எஃகுத் துண்டு. உருக்கி ஊற்றிய எஃகு வெளியிலிருந்து உள்நோக்கிக் குளிரும். கடைசியில் உறைவது நடுப்பகுதி என்பதால் கசடெல்லாம் அங்கே போய்த் தங்கிவிடும். அந்தக் காலத்து ஆலைகள் இதற்குக் கண்ட வழி எளியது: நடுவில் நீளவாக்கில் ஒரு துளை போட்டு, கெட்டதைக் கடைந்து எடுத்துவிடுவது. ஆனால் ரோட்டர் சுழலும்போது மிக அதிகமான இழுவிசையைத் தாங்குவதும் அந்தத் துளையின் சுவர்தான். அங்கே மயிரிழை வெடிப்பு மிச்சமிருந்தாலும் ஆபத்து. பல மீட்டர் நீளமுள்ள இருட்டுத் துளைக்குள் தலையை விட்டுப் பார்க்க முடியாது. ரோட்டரை அறுத்துப் பார்த்தால் பிறகு ரோட்டரே இருக்காது.

அந்தப் பயம் வீண் இல்லை. 1974இல் டென்னசி மாநிலத்தின் கேலட்டின் அனல்மின் நிலையத்தில் ஒரு ரோட்டர் சுழலும்போதே வெடித்துச் சிதறியது. துளையை ஒட்டிய எஃகில் புதைந்திருந்த கசடுகளிலிருந்து வெடிப்பு வளர்ந்திருந்தது. சுவரின் மேற்பரப்பைக் காட்டும் கருவி, சுவருக்குள் இருப்பதைக் காட்டாது. அதற்குப் பிறகு துளைகளுக்குள் மீயொலிச் சோதனைக்கு முக்கியத்துவம் கூடியது.

ஒரு கண் மருத்துவரைத் தேடி டர்பைன் கம்பெனி போனதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. இருட்டான குழாய்க்குள் எட்டிப் பார்க்கும் வித்தையில் மருத்துவர்களுக்கு அப்போதே நூறாண்டு அனுபவம் இருந்தது. பிராங்க்பர்ட் மருத்துவர் பிலிப் பொட்சினி 1806 வாக்கில் ஒரு மெழுகுவத்தியையும் கண்ணாடியையும் ஒரு பெட்டிக்குள் வைத்து, உடலின் துவாரங்களுக்குள் ஒளியைச் செலுத்திப் பார்த்தார். சகாக்கள் முகம் சுளித்தார்கள். 1809இல் காய்ச்சல் கண்டு அவரும் போய்ச் சேர்ந்தார். 1868இல் அடோல்ப் குஸ்மவுல் ஒரு வாள் விழுங்கும் வித்தைக்காரரை வரவழைத்து, நேரான குழாயை அவர் தொண்டை வழியாக இறக்கி இரைப்பையைப் பார்க்க முயன்றார். 1870களின் இறுதியில் மாக்ஸ் நிட்சே லென்சுகளைக் குழாய்க்குள்ளேயே அடுக்கினார். விளக்கையும் குழாயின் முனைக்கே கொண்டுபோனார். கிராம்ப்டன் கையில் எடுத்த அடிப்படை இதுதான். பீரங்கிக் குழாய்களைச் சோதித்தவர்களும் மெழுகுவத்தி, கண்ணாடி என்று தங்கள் வழியில் ஏதோ செய்துகொண்டுதான் இருந்தார்கள். ஆனால் லென்சைக் குழாய்க்குள் கொண்டுபோனவர்கள் மருத்துவர்கள்.

கிராம்ப்டனின் லெனாக்ஸ் நிறுவனம் அடுத்து எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக் குழாய்களுக்கும் எரிவாயுக் குழாய்களுக்கும் இதே கருவியை வெவ்வேறு நீளத்தில் செய்து கொடுத்தது. இருந்தும் அந்தக் கருவிக்கு இரண்டு பெரிய குறைகள். ஒன்று, படம் மங்கல். குழாய் நீள நீள லென்சுகளின் எண்ணிக்கை கூடும். ஒவ்வொரு லென்சும் தன் பங்குக்குக் கொஞ்சம் ஒளியைக் குடித்துவிடும். இன்னொன்று, வளையாது. நேர்க்கோட்டில் துளை இருந்தால்தான் வேலை.

இந்த இரண்டையும் தீர்த்ததில் லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஹெரால்ட் ஹாப்கின்ஸ் என்ற ஒரே மனிதருக்குப் பங்கு உண்டு. மங்கலுக்கு அவர் கண்ட மருந்து தலைகீழ் யோசனை. அதுவரை குழாய் முழுக்கக் காற்று, நடுநடுவே மெல்லிய கண்ணாடி லென்சுகள். ஹாப்கின்ஸ் குழாய் முழுக்க நீளமான கண்ணாடித் தண்டுகளை வைத்து, இடையிடையே மெல்லிய காற்று இடைவெளி விட்டார். 1959இல் காப்புரிமை பெற்ற இந்த அமைப்பில் ஒளி பல மடங்கு கூடுதலாக வந்து சேர்ந்தது. நல்ல நேர்க்குழாய்க் கருவிகளில் இன்றும் இருப்பது இந்தத் தண்டு லென்சுதான்.

வளைவுக்கான விடையில் அவரோடு சேர்ந்தவர் பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானி. ஒளி நேர்க்கோட்டில் மட்டுமே செல்லும் என்று டேராடூனில் பாடம் நடத்திய ஆசிரியரைப் பொய்யாக்க வேண்டும் என்று சிறுவயதிலேயே தோன்றியதாகப் பிற்காலத்தில் அவர் சொல்லியிருக்கிறார். ஹாப்கின்சிடம் ஆய்வு மாணவராகச் சேர்ந்து, ஆயிரக்கணக்கான கண்ணாடி இழைகளை ஒரே கட்டாகக் கட்டினார். ஒவ்வோர் இழையும் படத்தின் ஒரு புள்ளியைச் சுமக்கும். இந்த முனையில் எந்த வரிசையோ அந்த முனையிலும் அதே வரிசை என்று இழைகளை அடுக்கினால் படம் கலையாமல் வந்துவிடும். இருவரின் கட்டுரையும் நேச்சர் இதழில் 1954 ஜனவரி 2 அன்று வந்தது. நெதர்லாந்தின் வான் ஹீல் இதே பொருளில் எழுதியதும் அதே இதழில். இவர்களுக்கு முன்பே, 1930இல், முனிக் நகரில் ஹைன்ரிக் லாம் என்ற மருத்துவ மாணவர் இழைக்கட்டின் வழியாக ஒரு பல்பின் கம்பியைப் பார்த்துவிட்டார் என்பதையும் சொல்லிவிடுவது நியாயம். வெறும் இழைகள் ஒன்றையொன்று தொடும் இடத்தில் ஒளி கசிந்தது. 1956 டிசம்பரில் மிச்சிகன் பல்கலைக்கழக மாணவர் லாரி கர்டிஸ் கண்ணாடி இழைக்கு மேல் இன்னொரு கண்ணாடி உறை போட்டு அதை அடைத்தார். அடுத்த சில மாதங்களில் அங்கிருந்த மருத்துவர் பாசில் ஹிர்ஷோவிட்ஸ் அந்த இழைக்குழாயைத் தானே விழுங்கிப் பார்த்தார்.

மருத்துவத்தில் வந்தது பட்டறைக்கும் வர அதிக காலம் ஆகவில்லை. ஆனால் பட்டறை முரட்டுத்தனமான இடம். இழுத்து மடக்கியதில் ஓர் இழை முறிந்தால் படத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. பழைய இழைக்கருவி வழியாகப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மிளகுத்தூள் தூவிய மாதிரி இருக்கும்.

இத்தனை பேர் இத்தனை சிரமப்பட்டது ஏன்? பட்டறைக்காரர்களைக் கேட்டால் ஒரே பதில் வரும்: கம்பெனி ஃபிட்டிங்கைக் கலைத்தால் திரும்ப அது மாதிரி வராது. இன்ஜினின் ஹெட்டை இறக்கினால் கேஸ்கெட் புதிதாகப் போட வேண்டும். போல்ட்டுகளைச் சொன்ன வரிசையில், சொன்ன இறுக்கத்தில் பூட்ட வேண்டும். ஒரு துளி மண் உள்ளே விழுந்தால் போதும். அதனால்தான் நல்ல மெக்கானிக்குகள் பிரிப்பதற்கு முன் பிளக்கின் நிறத்தைப் பார்த்தார்கள், புகையை மோந்தார்கள், ஸ்குரூடிரைவரின் ஒரு முனையை இன்ஜினிலும் மறுமுனையைக் காதிலும் வைத்துக் கேட்டார்கள். பிரிப்பதே ஒரு சேதம் என்ற இந்தப் பட்டறை ஞானத்துக்குக் கணக்குப் போட்டு ஆதாரம் காட்டியது விமானத் துறை.

1950களிலும் 60களிலும் விமான இன்ஜினின் ஆயுள் மணிக்கணக்கில் எழுதிவைக்கப்பட்டிருந்தது. கெடு முடிந்ததும் இறக்கு, பிரி, மாற்று, பூட்டு. நோயில்லாமல் ஓடிய இன்ஜினுக்கும் அதே தண்டனை. 1968இல் போயிங் 747க்குப் பராமரிப்புத் திட்டம் வகுத்தபோது இந்த வழக்கம் முதல்முறையாகப் பெரிய அளவில் கேள்விக்கு உள்ளானது. பத்தாண்டு கழித்து, யுனைடெட் ஏர்லைன்சைச் சேர்ந்த ஸ்டான்லி நோலனும் ஹோவர்ட் ஹீப்பும் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்கு எழுதிய அறிக்கை 1978இல் வெளியானது. ஆராய்ந்த பாகங்களில் 89 சதவீதத்துக்கு வயதுக் கெடு வைப்பதால் பலன் இல்லை என்றார்கள். புதிதாகப் பூட்டிய சில காலத்தில் பழுதாகும் வாய்ப்பு கூடுதலாக உள்ள பாகங்கள்தான் அதிகம் என்பதும் அந்தக் கணக்கில் தெரிந்தது. அப்படியானால் கெடு பார்க்காமல் நிலைமை பார்க்க வேண்டும். நிலைமையைப் பார்க்க, பிரிக்காமல் உள்ளே போகும் ஒரு கண் வேண்டும்.

இன்ஜின் வடிவமைப்பே அதற்கு இடம் கொடுத்து மாறியது. உறையில் அங்கங்கே சிறு துளைகள் விட்டு, மரை மூடி போட்டார்கள். சோதனை நாளில் மூடியைக் கழற்றி, கிராம்ப்டன் கருவியின் வழிவந்த போரோஸ்கோப்பை ஒருவர் நுழைக்கிறார். இன்னொருவர் கியர்பாக்ஸ் பக்கமிருந்து ரோட்டரை மெல்லச் சுற்றுகிறார். பிளேடுகள் ஒவ்வொன்றாகக் கண்முன் வந்து போகின்றன. எல்லாம் அச்சு அசலாக ஒரே மாதிரி இருப்பதால், எங்கே ஆரம்பித்தோம் என்பது ஐந்து நிமிடத்தில் மறந்துவிடும். ஆகவே பூட்டுப் பிளேடு மாதிரி ஏதாவது ஓர் அடையாளத்தைப் பூஜ்யமாக வைத்துக்கொண்டு எண்ணுகிறார்கள். பறவை மோதியதில் ஒரு பிளேடின் முன்விளிம்பில் நகம் பட்டது போல ஒரு வெட்டு தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். அது பிளேடின் நுனியிலா, அடியிலா? எவ்வளவு ஆழம்? விளிம்பு கூர்மையா, மழுங்கலா? ஒவ்வொன்றுக்கும் கையேட்டில் ஒரு வரம்பு உண்டு. வரம்புக்குள் என்றால் விமானம் பறக்கலாம். சில நேரம் அதே துளை வழியாகக் குட்டி அரைக்கும் கருவியை அனுப்பி, கூர்மையான வெட்டை வெடிப்பாக வளரவிடாமல் மழுக்கிவிட்டு வருவார்கள். இறக்கைக்குக் கீழே தொங்கும் இன்ஜின் இறக்கப்படாமலேயே வைத்தியம் முடிந்துவிடும்.

திறக்கவே முடியாத இடம் என்றும் ஒன்று உண்டு. பென்சில்வேனியாவின் திரீ மைல் ஐலண்ட் அணு உலையில் 1979 மார்ச் 28இல் விபத்து நடந்தது. உள்ளே எரிபொருள் என்ன ஆனது என்பது மூன்று ஆண்டுக்கு மேல் யாருக்கும் தெரியாது. பெருமளவு அப்படியே நிற்கும் என்று நம்பியவர்கள் பலர். 1982 ஜூலையில், கட்டுப்பாட்டுத் தண்டு இறங்கும் வழியில் ஒரு சிறு கேமராவை இறக்கினார்கள். எரிபொருள் தண்டுகள் தெரிய வேண்டிய உயரத்தில் தண்ணீர் மட்டும். இன்னும் இறக்கினார்கள். ஏறத்தாழ 1.5 மீட்டர் வெற்றிடத்துக்குக் கீழே சரளைக்கல் குவியல் மாதிரி ஏதோ கிடந்தது. எரிபொருளில் பாதியளவு உருகியிருந்தது என்பது பிறகு படிப்படியாகத் தெரிந்தது. பல பொறியாளர்களின் கணக்கைச் சில நிமிட மங்கல் வீடியோ மாற்றியெழுதியது.

விபத்துக்குள்ளான ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்திலும் இதே கதை. 2012 ஜனவரியில் 2ஆம் உலையின் தடுப்புக் கூண்டுக்குள் தொழிற்சாலை எண்டோஸ்கோப்பை விட்டபோது, எதிர்பார்த்த உயரத்தில் தண்ணீர் இல்லை. திரை முழுக்கக் கதிர்வீச்சு தெறித்த வெள்ளைப் புள்ளிகள். மார்ச் மாதம் நீளமான கருவியோடு மறுபடி போனார்கள். தண்ணீர் வெறும் 60 செ.மீ. ஆழம்தான் இருந்தது. கதிர்வீச்சு சாதாரணக் கண்ணாடியைப் பழுப்பாக்கிவிடும் என்பதால் இத்தகைய இடங்களுக்குச் சீரியம் கலந்த கண்ணாடி வேண்டும். கல்பாக்கத்துக்காரர்களின் பாடு இன்னும் கஷ்டம்: அங்குள்ள வேக ஈனுலையைக் குளிர்விப்பது திரவ சோடியம். உருகிய வெள்ளி போல இருக்கும் அதற்குள் எந்த ஒளியும் ஊடுருவாது. அதனால் மீயொலியை அனுப்பி எதிரொலியில் படம் வரையும் கருவிகளை உருவாக்க வேண்டியிருந்தது.

கேமரா என்ற பெயருக்கு இந்தக் கருவி தகுதி பெற்றது 1980களில்தான். அதுவரை உள்ளே லென்சு, வெளியே மனிதக் கண். பெல் ஆய்வகத்தில் வில்லார்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் 1969இல் கண்டுபிடித்த, ஒளியை மின்குறிப்பாக மாற்றும் சிசிடி சில்லு போதிய அளவு சிறியதானதும், அதைக் குழாயின் முனைக்கே அனுப்பிவிட்டார்கள். அமெரிக்காவின் வெல்ச் ஆலின் நிறுவனம் 1983இல் அப்படி ஒன்றை வெளியிட்டது. இழைக்கட்டு போய் மின்கம்பி வந்தது; கறுப்புப் புள்ளித் தொல்லையும் ஒழிந்தது. 1990களில் நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் எரிக் ஃபோசம் குழு உருவாக்கிய சிமோஸ் உணரி பிறகு கைப்பேசிக் கேமராக்களில் கோடிக்கணக்கில் போனது. அதனால் விலை தரைமட்டத்துக்கு வந்தது. மருத்துவத்துக்காக ஓம்னிவிஷன் நிறுவனம் 2019இல் அறிவித்த உணரி ஒன்றின் பக்கம் 0.575 மி.மீ.தான், உப்புக்கல் அளவு. மின்நிலையமும் விமான நிறுவனமும் மட்டுமே வாங்க முடிந்த ஒன்று சில நூறு ரூபாய்க்குத் தெருமுனைக் கடைக்கு வந்தது இப்படித்தான். கோவைப் பக்கம் ஆயிரம் அடி தாண்டிய ஆழ்துளைக் கிணறுகளுக்குள் மோட்டார் எங்கே சிக்கியது, ஊற்று எந்த அடியில் என்று பார்க்கக் கயிற்றில் இறக்கும் கேமராவும் இதன் உறவுதான்.

மலிவாகிவிட்டது என்பதாலேயே வாங்குவதில் ஏமாற்றமும் மலிந்துவிட்டது. அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் மெகாபிக்சலை நம்பி வாங்குபவர்கள் பார்க்கத் தவறுவது இரண்டு எண்கள்: தலையின் விட்டம், தெளிவாகத் தெரியும் தூரம். மாருதி 800 மாதிரியான காரின் பிளக் மரை 14 மி.மீ. அதில் 8 மி.மீ. தலை தாராளமாகப் போகும். ஸ்ப்ளெண்டர் மாதிரி 100 சிசி வண்டியில் மரை 10 மி.மீ.தான், அதே தலை மரையில் உரசிக்கொண்டுதான் போகும், 5.5 மி.மீ. தலை என்றால் நிம்மதி. குளோ பிளக் துளை வழியாக டீசல் இன்ஜினுக்குள் போக நினைப்பவருக்கு இன்னும் ஒல்லியானது தேவைப்படலாம். தூரக் கணக்கு அதைவிட முக்கியம். ஸ்ப்ளெண்டரின் சிலிண்டர் 50 மி.மீ. விட்டம், பிஸ்டன் ஓட்டம் 49.5 மி.மீ. மலிவுக் கேமராக்களுக்கு ஃபோகஸ் மாறாது. 6 செ.மீ. தள்ளி இருந்தால்தான் தெளிவாகத் தெரியும் என்ற கேமராவை அந்தக் குட்டி அறைக்குள் விட்டால் எல்லாமே மூடுபனி. 2, 3 செ.மீ. தூரத்தில் தெளிவு காட்டுவதே இங்கே உதவும்.

நேராகப் பார்க்கும் கேமரா பிஸ்டன் தலையைக் காட்டும். வால்வு அதன் முதுகுப் பக்கம் இருக்கிறது. அதற்கு விற்பவர்கள் ஒரு சின்னக் கண்ணாடி மூடியைச் சேர்த்துக் கொடுப்பார்கள். வெறுமனே சொருகி வைக்கும் அந்த மூடி சிலிண்டருக்குள் கழன்று விழுந்தால், ஹெட்டை இறக்காமலிருக்க வாங்கிய கருவிக்காகவே ஹெட்டை இறக்க வேண்டிவரும். பக்கவாட்டில் இரண்டாவது லென்சு உள்ளதோ, கம்பி இழுத்து முனையைத் திருப்பக்கூடியதோ கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்தாலும் லாபம். தண்ணீர் புகாது என்ற முத்திரை தலைக்கு மட்டும். பெட்ரோலுக்கும் கொதிக்கும் இன்ஜினுக்கும் அந்த உத்தரவாதம் செல்லாது. இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். பிஸ்டனைக் கையால் திருப்பிக் கீழே இறக்க வேண்டும். கேமரா உள்ளே இருக்கும்போது செல்ஃப் பட்டனைத் தொடவே கூடாது.

உள்ளே தெரிவதைப் படிப்பதுதான் நிஜமான வேலை. சிலிண்டர் சுவரில் குறுக்கும் நெடுக்குமாகச் சன்னமான கோடுகள் தெரிந்தால் அது ஹோனிங் செய்த தழும்பு, நல்ல அறிகுறி. மேலும் கீழுமாக நேர்க்கோடுகள் ஓடினால் பிஸ்டனோ ரிங்கோ சுவரைக் கீறியிருக்கிறது. பிஸ்டனின் ஓரம் மட்டும் ஈரமாக மின்னினால் ஆயில் மேலே ஏறுகிறது. தண்ணீரால் குளிரும் இன்ஜினில், மற்ற பிஸ்டன்கள் கரி பிடித்திருக்க ஒன்று மட்டும் தேய்த்துக் கழுவியது போலப் பளிச்சென்றிருந்தால் சந்தோஷப்படக் கூடாது. கேஸ்கெட் வழியாகக் கூலண்ட் கசிந்து, ஆவியாகி, கரியைக் கழுவிவிட்டிருக்கும். எல்.இ.டி. விளக்கு முழு வெளிச்சத்தில் எரிந்தால் ஆயில் படலத்தின் பளபளப்பே கீறல் மாதிரி தெரியும். வெளிச்சத்தைக் குறைத்து, கோணத்தைக் கொஞ்சம் மாற்றிப் பார்த்தால் படலத்தின் கோடு நகரும், கீறல் நகராது. கம்ப்ரஷன் சோதனை செய்யாமல் இந்தப் படத்தை மட்டும் வைத்து ரீபோர் எழுதுவது அவசரம்.

எல்லாவற்றையும் தீர்த்துவிட்ட இந்த வம்சத்தைக் கடைசிவரை விரட்டிய கேள்வி அளவு. குழாய் வழியாகப் பார்க்கும்போது கிட்டே இருக்கும் சின்னக் கீறலும் தள்ளியிருக்கும் பெரிய கீறலும் திரையில் ஒன்றுதான். விமானக்காரர்கள் முதலில் தடிமன் தெரிந்த ஒரு கம்பியை வெட்டுக்குப் பக்கத்தில் நீட்டி ஒப்பிட்டார்கள். பிறகு ஒரு நிழல்கோட்டை விழவைத்து, அது திரையில் விழும் இடத்தைக் கொண்டு தூரத்தைக் கணக்கிட்டார்கள். அதன்பின் இரண்டு லென்சுகளால் இரட்டைப்படம், கடைசியாக ஒளிக்கோடுகளைப் பாய்ச்சி முப்பரிமாணப் படம். அந்த வசதியுள்ள கருவிகள் இன்றும் லட்சக்கணக்கில்தான். தெருமுனை மெக்கானிக் வேறு வழி வைத்திருக்கிறார்: வால்வின் விட்டம் அவருக்குத் தெரியும், அதையே அளவுகோலாக வைத்துக் கீறலை மதிப்பிடுகிறார். படத்தைச் சேமித்து, வண்டி எண்ணையும் கிலோமீட்டரையும் குறித்துக்கொள்கிறார். சந்தேகமான வண்டியை அடுத்த ஆயில் மாற்றும்போது மறுபடி கொண்டுவரச் சொல்கிறார். அதே துளை, அதே கோணம், இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வண்டிக்காரரிடம் காட்டுகிறார். கீறல் வளராமல் இருந்தால் ஆயிலை மட்டும் மாற்றி அனுப்பிவிடுகிறார்.